வாலிபக் கொள்கையும் பிற்காலத் தலைமையும்

தோற்றுவாய்

ஒருவன் தன் வாலிபப் பருவத்தில் தீவிரக் கொள்கை ஒன்றைத் தழுவி நின்று, பின்னர் வாணிகத்தில் மேம்பட்டுப் பல்லாயிரவர்க்கு வேலை தரும் தலைவனாவானாயின், அவ்விளமைச் செயல் அவன் பதவியைப் பாதித்தல் முறையோ, அன்றோ? இவ்வினா இக்காலத்துப் பல நாடுகளிலும் எழுந்துள்ளது. ஒரு சாரார், அறியாப் பருவத்துப் பிழையை அறிவு முதிர்ந்த காலத்தில் எடுத்துப் பேசுதல் அறமன்று என்பர். மற்றொரு சாரார், வித்து எத்தகையதோ விளைவும் அத்தகையதே. ஆதலின் அன்னாரைத் தலைமையினின்றும் நீக்குதலே தக்கது என்பர். இரு கூற்றினுள்ளும் உண்மை இல்லாமலில்லை. எனினும் இரண்டும் முழு உண்மையாகா என்பது யாம் கண்ட முடிபு. அதனை மெய்யான வரலாறு ஒன்றைத் துணைக்கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவிரக் கொள்கை என்று யாம் ஈண்டுக் கூறுவது, அரசியலில் சூடாகப் பேசும் வழக்கத்தை அன்று. வாலிபர் சூடாகப் பேசுதல் இயற்கை. ஓரினத்தார் பிறப்பினாலேயே தாழ்ந்தவரென்றும், அவர்க்கு மற்றையோரோடு ஒப்ப வாழும் உரிமையில்லையென்றும், வன்முறையால் அவரை அடக்கலாமென்றும் கற்பிக்கும் போதனையையே யாம் அப்பெயராற் குறிக்கின்றோம்.

இவ்வாராய்ச்சியிற் புகுதற்கு எமக்கு ஒரு காரணமும் உண்டு. யாம் பத்தொன்பது பிராயத்தினேம். இதனைப் படிக்கும் மாணவ நண்பருட் பெரும்பாலார்க்கும் ஏறக்குறைய அதுவே பிராயம். கொள்கைகள் நம்மைத் தேடி வந்து கதவைத் தட்டும் பருவம் இது. இக்கட்டுரையுள் வரும் பிழைகளும் நம் பிராயத்தினரே செய்தவை. ஆகலின், நீதிபதியின் ஆசனத்திலிருந்து பிறர் வழக்கைக் கேட்பார்போல நாம் இதனைக் கேட்டல் இயலாது.

காம்பிராட் என்னும் வணிகர்

சுவீடன் என்னும் பெயர் தமிழ்க் கிறிஸ்தவர்க்குப் புதிதன்று. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் அத்தியட்சராய் 1921-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் அமர்ந்த ஏர்ன்ஸ்டு ஹூமன் என்பார் அந்நாட்டவரே. யாம் கூறப்புகும் வரலாறும் அந்நாட்டில் நிகழ்ந்தது.

தென் சுவீடனில் ஸ்மோலந்து என்பது கல்லும் காடும் மிகுந்த பகுதி. அங்குள்ளார் சிக்கனத்துக்கும் உழைப்புக்கும் பெயர்பெற்றவர். இங்வார் காம்பிராட் என்பார் 1926-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள் பிறந்து, அப்பகுதியில் ஒரு பண்ணையில் வளர்ந்தார். சிறு பருவத்திலேயே ஸ்டாக்ஹோம் நகரினின்று தீப்பெட்டிகளை மொத்தமாக வருவித்து, அண்டை அயலார்க்குச் சில்லறையாக விற்று ஆதாயம் கண்டவர் அவர். 1943-இல், தமது 17-ஆம் பிராயத்தில், ஐகியா என்னும் வாணிக நிலையத்தைத் தொடங்கினார். தம் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டனையும், எல்ம்தாரித் என்னும் தம் பண்ணையின் முதலெழுத்தையும், அகுன்னாரித் என்னும் ஊரின் முதலெழுத்தையும் கோத்து அப்பெயரை அமைத்தார்.

அந்நிலையம் முதலில் பேனா, பணப்பை போன்ற சிறு பொருள்களை விற்றது. 1948 முதல் மேசை நாற்காலிகளையும் விற்கத் தொடங்கிற்று. பின்னர், மரச்சாமான்களைப் பிரித்துத் தட்டையான பெட்டிகளில் அடக்கி, வாங்குவோரே தம் வீட்டிற் பூட்டிக்கொள்ளுமாறு செய்யும் முறையைக் கைக்கொண்டது. ஏற்றுகூலியும் இடமும் மிச்சமாயினமையின் விலை தாழ்ந்தது. விலை தாழ்ந்தமையின் எளியோர் வீட்டிலும் நல்ல சாமான்கள் இடம்பெற்றன. காம்பிராட் 2018-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 27-ஆம் நாள், தமது 91-ஆம் பிராயத்தில் இறந்தபொழுது, அந்நிறுவனத்துக்கு உலகெங்கும் 400-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. பெருஞ்செல்வராயிருந்தும் எளிய வாழ்க்கை நடத்தியவரென்று அவரைப் புகழாதார் இலர். வாணிகம் கற்கும் மாணவர்க்கு அவர் ஒரு முன்மாதிரியாகவே காட்டப்பெற்று வந்தார்.

வெளிப்பட்ட இளமை

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கம் உண்டு. அது நெடுநாள் மறைந்து கிடந்தது.

சுவீடனில் பெர் எங்டால் என்பார் ஒருவர் இருந்தார். புதிய சுவீடன் இயக்கம் என்னும் பாசிச இயக்கத்துக்குத் தலைவர். 1994-இல் அவர் இறந்தபின் அவருடைய கடிதங்கள் வெளியாயின. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் எக்ஸ்பிரசன் என்னும் செய்தித்தாள், காம்பிராட் தம் வாலிபத்தில் அவ்வியக்கத்தைச் சார்ந்திருந்தாரென்பதை உலகறியச் செய்தது. இயக்கத்தில் உறுப்பினராயிருந்ததோடு அமையாமல், அதற்காகப் பணம் திரட்டியும் ஆள் சேர்த்தும் அவர் உழைத்திருந்தார். யுத்தம் முடிந்து, வதைமுகாம்களின் கொடுமையை உலகம் கண்டு நடுங்கிய 1945-ஆம் ஆண்டிலும் அத்தொண்டு நின்றபாடில்லை. எங்டாலோடு அவர் கொண்ட நட்பு 1950-களின் தொடக்கம்வரை நீடித்தது.

செய்தி வெளிவந்தபொழுது காம்பிராட்டுக்குப் பிராயம் 68. அவர் தம் வேலையாட்கள் அனைவர்க்கும் ஒரு கடிதம் வரைந்தார். அதில், அத்தொடர்பே தம் வாழ்நாளிற் செய்த மிகப் பெரிய தவறு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டினார். 1998-இல் பெர்டில் தோரெகுல் என்பார் எழுதிய ஐகியாவின் வரலாற்று நூலிலும் இவ்விஷயத்தை மனம்விட்டுப் பேசினார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய தம் பாட்டியும் தந்தையும் ஹிட்லரிடம் கொண்டிருந்த மதிப்பே தம் இளம் நெஞ்சிற் பதிந்ததென்று அவர் விளக்கினார். உலகமும் அவரை மன்னித்தது. அவருடைய கடைகளுக்கு வருவோர் தொகையும் குறையவில்லை.

ஆனால், 2011-இல் எலிசபெத் ஓஸ்பிரிங்க் என்னும் எழுத்தாளர் ஒரு நூல் வெளியிட்டார். வியன்னாக் காட்டில் மரங்கள் இன்றும் நிற்கின்றன என்பது அதன் பெயரின் பொருள். சுவீடன் பாதுகாப்புக் காவற்படையார் 1943-ஆம் ஆண்டிலேயே காம்பிராட்டின்மேல் ஒரு தனிக்கோப்புத் திறந்து, அதற்கு 'நாசி' என்று தலைப்பிட்டிருந்தனர் என்பதை அவர் கண்டறிந்து கூறினார். எங்டாலின் இயக்கத்தினும் கொடிதாய், வெளிப்படையாய் நாசிக் கொள்கையைப் பின்பற்றிய லிண்ட்ஹோல்ம் என்பாரின் கட்சியிலும் அவர் உறுப்பினராயிருந்தாரென்றும், அவருடைய உறுப்பினர் எண் 4014 என்றும் அந்நூலால் தெரியவந்தது. வாணிக நிலையம் தொடங்கிய ஆண்டும், காவற்படையார் கோப்புத் திறந்த ஆண்டும் ஒன்றே. இஃதன்றி, 2010-இல் அவ்வெழுத்தாளர் காம்பிராட்டை நேரிற் கண்டு வினாவியபொழுது, எங்டால் ஒரு பெரிய மனிதரென்றே தாம் உயிருள்ளளவும் சொல்லப்போவதாக அவர் கூறினார். மன்னிப்பு வேண்டிப் பதினாறு ஆண்டு கழிந்தபின் வந்த சொல் அது.

ஓட்டோ உல்மன்

அந்நூலின் கதாநாயகர் காம்பிராட் அல்லர். ஓட்டோ உல்மன் என்னும் யூதச் சிறுவர். 1938-இல் ஆஸ்திரியா ஹிட்லரின் ஆட்சிக்குட்பட்டபின், வியன்னா நகரத்து யூதர்க்கு வாழ்வு அரிதாயிற்று. அந்நகரில் யூதரிடையே ஊழியம் செய்துவந்த சுவீடன் மிஷனரிமார், ஏறத்தாழ 60 பிள்ளைகளைத் தம் நாட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தனர். ஓட்டோ அவருள் ஒருவர். 1939-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீடு பிரிந்தபொழுது அவருக்குப் பிராயம் 13. பெற்றோர் உடன் வருதற்கு அனுமதி கிடைக்கவில்லை. வியன்னாவிலிருந்து பெற்றோரும் உற்றாரும் அவருக்கு எழுதிய கடிதங்கள் 500-க்கும் மேற்பட்டவை. இறுதியில் அக்கடிதங்கள் நின்றன. தாயும் தந்தையும் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டனர்.

ஓட்டோ சுவீடனிற் பண்ணை வேலை செய்து பிழைத்தார். 1944-இல் அவர் வேலைக்கு வந்து சேர்ந்த பண்ணை காம்பிராட்டின் குடும்பத்தாருடையது. ஏறக்குறைய ஒத்த பிராயத்தினராகிய இருவரும் நெருங்கிய நண்பராயினர். ஐகியாவின் தொடக்கக் காலத்தில் ஓட்டோ அதற்கு உழைத்தவருமாவர்.

இதனைக் கேட்போர் சிலர், யூதனை நண்பனாகக் கொண்டவன் உள்ளத்தில் நஞ்சு இராதன்றோ என்று காம்பிராட்டுக்காக வழக்காடுவர். எமக்கோ இந்நிகழ்ச்சியே இவ்வரலாற்றில் மிகவும் அஞ்சத்தக்கதாகத் தோன்றுகின்றது. பகலில் தோழனோடு சேர்ந்து வேலை செய்து சிரித்துப் பேசிய அவ்விளைஞர், அத்தோழனின் குலத்தையே பகையெனக் கருதுவாரோடு கூடி அவர்க்குப் பணமும் திரட்டினார். ஒருவனை நேசித்தல் எளிது; அவன் இனத்தை வெறுக்கும் கொள்கையை விடுதல் அரிது. ஒரே நெஞ்சில் இரண்டும் ஒன்றையொன்று அறியாமலே குடியிருத்தல் கூடும். தீவிரக் கொள்கை தீயவர்க்கே உரியது, நல்ல பிள்ளைகளை அணுகாது என்று நினைப்பார் இதனைச் சிந்திப்பாராக.

இருதிறத்தார் வாதம்

இனி, முன்னர்க் கூறிய இரு சாராரின் நியாயங்களையும் முறையே நோக்குவாம்.

இளமைப் பிழை பதவியைத் தொடலாகாது என்பார் கூறுவன மூன்று. முதலாவது, பதினேழு பிராயத்தான் தானே தேர்ந்து கொள்வது சிறிது; வீட்டாரும் சூழலும் தந்ததைக் கொள்வதே பெரிது. காம்பிராட்டுக்குத் தொட்டிலிலேயே அக்கொள்கை ஊட்டப்பட்டது. இரண்டாவது, அவர் எவரையும் அடித்தாரல்லர், கொன்றாரல்லர். சார்ந்திருந்த கட்சியும் அந்நாட்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டதன்று. மூன்றாவது, அவருடைய உழைப்பால் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. அவர் நிறுவிய ஐகியாவின் அறநிலையம் 2011-ஆம் ஆண்டில், கென்யா நாட்டுத் தாதாப் முகாமிலுள்ள அகதிகளுக்காக ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிலையத்துக்கு 6 கோடியே 20 இலட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. இத்தகைய பயனை உலகம் இழக்கலாமோ என்பர்.

பதவியைத் தொடவேண்டும் என்பார் கூறுவனவும் மூன்று. முதலாவது, தலைவனாவான் பல இனத்தார்க்கு வேலை தருபவன். மனிதரைப் பிறப்பால் தரம் பிரித்த நெஞ்சை அவர்கள் எங்ஙனம் நம்புவர்? இரண்டாவது, செல்வத்தின் மிகுதி குற்றத்தை மறைத்தல் நீதியன்று. ஏழைக் கணக்கன் ஒருவன் அவ்வாறிருந்தால் வேலையிழப்பான், முதலாளி மட்டும் புகழ் பெறுவதோ? மூன்றாவது, நாற்பது ஐம்பது ஆண்டு மௌனமாயிருந்து, பிறர் கண்டுபிடித்தபின் வருந்துவது வருத்தமாகுமோ?

இவற்றுள் முன்னைய சாராரின் முதலிரு நியாயங்களும் வலியுடையன. மூன்றாவது நியாயம் வலியற்றது. நன்கொடையால் கடந்தகாலத்தை விலைக்கு வாங்குதல் இயலுமாயின், மன்னிப்புச் செல்வர்க்கே உரியதாய் முடியும். பின்னைய சாராரின் மூன்று நியாயங்களும் ஆராயத்தக்கன. ஆயின், அவை யாவும் இளமைப் பிழையைப் பற்றியன அல்ல. பிற்கால நடையைப் பற்றியன. இவ்வேறுபாடே இவ்வழக்கின் திறவுகோல் என்க.

ஜெர்மனி கண்ட விடைகள்

இவ்வினாவுக்கு ஒரு தேசம் முழுவதும் விடை காண வேண்டியதாயிற்று. அது ஜெர்மனி. யுத்தத்துக்குப் பின், நாசிக் கட்சியைச் சார்ந்த இலட்சக்கணக்கானோரை என்செய்வது என்னும் கேள்வி எழுந்தது. 1946-இல் அமெரிக்க இராணுவ ஆட்சியார் தம் வசமிருந்த பகுதியில், 1919-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்குப் பின் பிறந்தோர்க்குப் பொதுமன்னிப்பு அளித்தனர். பெருங்குற்றம் புரிந்தார்க்கே அம்மன்னிப்பு விலக்கப்பட்டது. ஹிட்லர் ஆட்சியேறிய 1933-ஆம் ஆண்டில் அவ்விளைஞர்க்குப் பிராயம் பதினான்குக்கு மேற்படாது. ஆசிரியரும் பெற்றோரும் அரசாங்கமும் ஒருங்கே கற்பித்த பொய்க்குப் பிள்ளைகளைத் தண்டித்தல் நீதியன்று என்பதே அதன் கருத்து. 1926-இற் பிறந்த காம்பிராட், ஜெர்மனியில் இருந்திருப்பின் இம்மன்னிப்புள் அடங்கியிருப்பார்.

அடங்காதார் ஒருவரையும் காண்போம். ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லையர் 1915-இற் பிறந்தவர். 1933-இல், மாணவப் பருவத்தில், எஸ்.எஸ். என்னும் நாசிப் படையிற் சேர்ந்தவர். நாசி மாணவர் சங்கத்திற் பதவி வகித்தவர். யுத்தகாலத்தில் பிராக் நகரத்தில், அந்நாட்டுத் தொழிற்சாலைகளை ஜெர்மனியின் யுத்தத் தேவைக்குப் பணிகொண்ட அமைப்பில் அலுவல் பார்த்தவர். யுத்தத்துக்குப் பின் 1948 வரை காவலில் இருந்தார். 1951-இல் டைம்லர்-பென்ஸ் என்னும் மோட்டார் நிறுவனத்திற் சேர்ந்து உயர்ந்தார். 1973-இல் மேற்கு ஜெர்மனியின் முதலாளிமார் சங்கத்துக்கே தலைவரானார். அந்நாட்டு வாணிகவுலகம் அவர் இளமையை ஒரு பொருளாகக் கருதவில்லை.

அதே காலத்தில் அந்நாட்டு அரசாங்கம் மற்றோர் இளைஞர் கூட்டத்தை வேறு விதமாக நடத்திற்று. 1972-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துத் தீர்மானம் ஒன்றன்படி, தீவிரவாத இயக்கங்களைச் சார்ந்தார் அரசாங்க வேலைக்குத் தகுதியற்றவராயினர். பெரும்பாலும் இடதுசாரி இளைஞரே அதனால் துன்புற்றனர். ஆசிரியர் வேலைக்குப் படித்தோர் மட்டுமல்லர். தபாற்காரரும் இரயில் வண்டி ஓட்டுவோரும் விசாரிக்கப்பட்டனர். பழைய எஸ்.எஸ். வீரர் முதலாளிமார்க்குத் தலைவராகலாம். பிழையான கூட்டத்திற் சேர்ந்த இளைஞன் தபால் சுமக்கலாகாது. இவ்வளவைகள் இரண்டும் ஒன்றாகுமோ?

அந்நாட்டு வாலிபருட் சிலர், செஞ்சேனைப் பிரிவு என்னும் கூட்டமாய்க் கூடி, நீதியைத் தம் கையிலெடுத்தனர். 1977-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5-ஆம் நாள் கோல்ன் நகரத் தெருவில் ஷ்லையரின் காரோட்டியையும் காவலர் மூவரையும் சுட்டுக்கொன்று, அவரைக் கவர்ந்து சென்றனர். அக்டோபர் 18-ஆம் நாள் அவரையும் கொன்றனர். ஒரு வாலிபக் கொள்கையின் பிழையை மற்றொரு வாலிபக் கொள்கை இரத்தத்தால் திருத்தப் புகுந்தது. காரோட்டி செய்த பிழை யாது? ஒரு சமூகம் கேட்கவேண்டிய கேள்வியை உரிய காலத்தில், உரிய மன்றத்தில், உரிய முறையிற் கேளாதொழியின், அதனைக் கொடியோர் கொடிய வழியிற் கேட்பர் என்பதற்கு இதனினும் துக்ககரமான சான்று வேண்டுவதில்லை.

ஆராய்ச்சி

மேற்கூறியவற்றால் பெறப்படுவன எவை? பதவி என்னும் ஒரு சொல்லுள் மூன்று பொருள்கள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து நோக்கினால் வழக்கு எளிதிற் தீரும். அவையாவன: பிழைப்பு, தலைமை, புகழ்.

பிழைப்பு என்பது, ஒருவன் உழைத்து உண்ணும் உரிமை. இளமைக் கொள்கை இதனைத் தொடுதல் ஆகாது. கொலையும் கொள்ளையும் செய்தானெனின் சட்டம் அவனைத் தண்டிக்கும்; தண்டனை முடிந்தபின் அவனும் உழைத்து உண்ணுதற்குரியனே. பதினேழு பிராயத்துக் காம்பிராட்டின் கடையைப் பூட்டியிருத்தல் வேண்டுமென்று நடுநிலையாளர் எவரும் கூறார். அன்றியும், தன் பிழையைச் சொன்னவன் எல்லாம் பிழைப்பை இழப்பானாயின், எவரும் சொல்லார், யாவரும் மறைப்பர். ஆகலின் இவ்விஷயத்தில் இரக்கம் காட்டுதல் உண்மைக்கும் துணையாகும்.

தலைமை என்பது வேறு. பிறர் வாழ்வைக் கையில் ஏந்தும் அதிகாரம் அது. அதற்கு நம்பிக்கை வேண்டும். நம்பிக்கைக்கு உண்மை வேண்டும். இளமையில் என்ன செய்தாய் என்பதைவிட, அதனைப் பின்னர் என்ன செய்தாய் என்பதே ஈண்டுக் கேட்கத்தக்கது. தானே சொன்னானா, பிறர் சொல்லக் கேட்டு ஒப்புக்கொண்டானா? முழுவதும் சொன்னானா, வெளிப்பட்ட அளவே சொன்னானா? கொள்கையை விட்டானா, கொள்கையைக் கற்பித்த ஆசானை மட்டும் இன்னும் போற்றுகின்றானா? முதலாளியாவான் தன் கணக்கனிடம் ஒரு காசு தவறாமல் கணக்குக் கேட்கின்றான். தன் வாழ்வின் கணக்கைப் பிறர் கேட்கும்பொழுது பாதி ஏட்டை மடித்துக் காட்டுதல் அவனுக்குத் தகுமோ?

இவ்வளவையால் அளந்தால், காம்பிராட் 1994-இல் எழுதிய கடிதம் உண்மையான நற்செயலே. மறுத்துப் பேசாமல் ஒப்புக்கொண்டார். ஆயினும் அது தானே விளைந்த வாக்குமூலமன்று. செய்தித்தாள் வெளியிட்டபின் வந்தது. கட்சியின் உறுப்பினர் பதிவோ 2011 வரை பிறர் தேடிக் காணுமளவும் கோப்பிற் கிடந்தது. எங்டாலைப் பற்றிய கடைசிச் சொல்லோ, வருத்தத்தின் வேரையே அசைக்கின்றது. ஆகலின் 1994-இலேயே அந்நிறுவனத்தார் தம் நிறுவனரிடம் மரியாதையோடும் உறுதியோடும் முழுக்கணக்கும் கேட்டிருத்தல் வேண்டும். அது தீருமளவும் அவர் நிறுவனத்தின் காரியங்களில் விலகியிருத்தலும் தகுதியாயிருக்கும். இது பதினேழு பிராயத்துப் பிள்ளைக்குத் தண்டனையன்று; அறுபத்தெட்டுப் பிராயத்துப் பெரியவரிடம் கேட்கும் கடமை.

மூன்றாவதாகிய புகழுக்கு அளவை இன்னும் கடியது. ஒருவரை மாணவர்க்கு முன்மாதிரியாக நிறுத்துவோர் அவர் வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிப்பித்தல் ஆகாது. தட்டைப் பெட்டியின் சிக்கனத்தைப் போற்றுவோர் 4014 என்னும் எண்ணையும் கூறுவாராக. ஓட்டோ உல்மன் பெயரைக் கூறாமல் காம்பிராட்டின் பெயரைக் கூறுதல் முழு வரலாறாகாது.

சவுல் என்னும் வாலிபன்

கிறிஸ்தவக் கல்லூரியில் பயிலும் நமக்கு இவ்விஷயத்தில் ஒரு பழைய பாடமும் உண்டு. ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபொழுது, சாட்சிக்காரர் தம் வஸ்திரங்களைக் கழற்றி ஒரு வாலிபனுடைய பாதத்தருகே வைத்தனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். வேதம் சவுலை நமக்கு முதன்முதற் காட்டும்பொழுது வாலிபன் என்னும் சொல்லாலேயே காட்டுகின்றது. அவன் கல்லெறிந்தானல்லன், ஆயினும் அக்கொலைக்குச் சம்மதித்திருந்தான், பின் வீடுதோறும் புகுந்து விசுவாசிகளைச் சிறையிலும் அடைப்பித்தான்.

அவன் மனந்திரும்பியபின் நிகழ்ந்தவற்றைக் கவனிப்போம். கூடாரம் பண்ணும் அவன் தொழிலை எவரும் தடுத்திலர். அதனாலேயே பின்னும் பிழைத்தான். ஆனால் அவன் எருசலேமில் சீஷரோடு சேர வந்தபொழுது, அவர்கள் அவனை நம்பாமல் அஞ்சினர். அவ்வச்சத்தைத் திருச்சபை குற்றமாகக் கருதவில்லை. பர்னபா என்பவர் அவனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, அவனுக்காகப் பேசிச் சாட்சி கூறினார். பின்னரே அவனுக்கு இடம் கிடைத்தது. அதன்பின்னும் பவுல் தம் இளமையை மூடி மறைத்திலர். எருசலேமில் கூடிய ஜனங்களுக்கு முன்பும், அகிரிப்பா ராஜாவுக்கு முன்பும், தாம் எழுதிய நிருபங்களிலும், கேளாமலே தாமே எடுத்துக் கூறினார். மன்னிப்புப் பெற்றவர்க்கு மறைக்கவேண்டிய அவசியம் இல்லை என்பதை அவர் நடை காட்டுகின்றது.

சகேயுவும் அங்ஙனமே. அவன் ஐசுவரியவான்; ஆயக்காரர்க்குத் தலைவன். அவன் தன் வருத்தத்தைப் பொதுவான நன்கொடையோடு நிறுத்தினானல்லன். அநியாயமாய் வாங்கியதை வாங்கப்பட்டவர்க்கே நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகக் கூறினான். தர்மம் யாருக்கும் செய்யலாம். பரிகாரமோ தீங்குற்றவர்க்கே செய்யவேண்டும். இவ்விரண்டனையும் ஒன்றாக எண்ணுதல் செல்வர்க்கு எளிதில் நேரும் மயக்கம்.

முடிவுரை

ஆகவே, வாலிபத்துத் தீவிரக் கொள்கை பிற்காலத்துப் பதவியைப் பாதிக்கவேண்டுமோ எனின், பிழைப்பைப் பாதிக்கலாகாது. தலைமையை, உண்மை கூறிய அளவுக்கு ஏற்பப் பாதிக்கலாம். புகழைப் பாதித்தே தீரவேண்டும் என்பது எம் விடை. இவ்வளவை முதலாளிக்கும் கூலியாளுக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

நம் கல்லூரியின் பழைய மாணவராகிய பெரியோர் பலர், இன்று பிறரை வேலைக்குத் தெரிந்தெடுக்கும் நிலையில் இருக்கின்றனர். தம்மிடம் வரும் ஓர் இளைஞன் தன் முற்காலத்துப் பிழையைத் தானே கூறுவானாயின், அவனுக்கு அவர்கள் பர்னபாவாக இருப்பாராக என்று பணிவோடு வேண்டுகின்றோம். சொன்னவனைத் துரத்திச் சொல்லாதவனை ஏற்றுக்கொள்ளும் அலுவலகம், பொய்யர்க்கே கதவு திறக்கும்.

மாணவ நண்பர்க்கு யாம் கூறுவது வேறு. நாம் இன்று பேசுவதும் எழுதுவதும் காவற்படையாரின் கோப்பிலன்றி, நம் கைப்பேசிகளிலேயே பதிந்து கிடக்கின்றன. அதற்காக அஞ்சி வாய்மூடி இருக்கவேண்டியதில்லை. அச்சத்தால் நல்லவராதல் நன்மையன்று. ஓரினத்தாரையோ ஒரு சாதியாரையோ ஒரு மதத்தாரையோ பகையென்று கற்பிக்கும் கூட்டம் நம்மை அழைக்கும்பொழுது, நம்மோடு அதே பெஞ்சில் அமர்ந்திருக்கும் தோழனின் முகத்தை ஒருமுறை நோக்குவோமாக. அவனுடைய தாயும் தந்தையும் எந்த ஊரிலிருந்து அவனுக்குக் கடிதம் எழுதுகின்றனர் என்று நினைப்போமாக. காம்பிராட் என்னும் வாலிபர் ஓட்டோவை அவ்வாறு நோக்கியிருப்பின், பின்னாளில் மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டிய அவசியமே அவர்க்கு நேர்ந்திராது.